கடலோரக் களங்கள் – 9: இரண்டு மட்டைக்காரர்

சாயங்காலம் காரைக்காலில் ஏதாவதொரு மைதானத்து ஓரமாக நின்று பாருங்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மஞ்சள் கம்பளிப் பந்து மட்டையில் பட்டுப் பறக்கும். பூப்பந்து! நாலடி தள்ளி, தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு பொடிசுகள் கிரிக்கெட் ஆடும். தமிழில் அதுவும் மட்டைதான், இதுவும் மட்டைதான்.

1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் பூப்பந்து ஆடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். காரைக்காலோ 1739-லேயே தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். கிரிக்கெட் வளர்ந்தது ஆங்கிலேயரின் சென்னையில். ஆகவே இந்த வாரம் நண்டலாற்றைத் தாண்டி வண்டியேறுவோம். கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் மட்டை இரண்டையும் கைவிடாத ஒருவரைப் பார்க்கவேண்டும்.

1896 ஜூன் 16 அன்று சென்னையில் பிறந்தவர் ராமசாமி. அப்பா புச்சி பாபு நாயுடு. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் நம்மவர்களுக்கு இடமில்லை என்றதும், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர். 1908-ல் அவர் இறந்தபோது ராமசாமிக்கு வயது 12. தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனதால் ‘கோட்டா’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். அங்கே பேர் வாங்கித் தந்தது டென்னிஸ். 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக இரட்டையர் ஆட்டம் ஆடினார். ஊர் திரும்பியதும் விவசாய இலாகாவில் உத்தியோகம். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லாத காலம் அது. பிழைப்பு வேறு, பிரியம் வேறு. கிரிக்கெட்டில் இடது கை ஆட்டக்காரர்; பந்தை விளாசுவதில் மன்னர்.

வருடங்கள் ஓடின. டெஸ்ட் அழைப்பு மட்டும் வரவில்லை. முப்பத்தைந்து தாண்டியது. இனி எங்கே வரப்போகிறது?

வந்தது, 40 வயதில்!

1936 ஜூலை 25, மான்செஸ்டர். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் இங்கிலாந்து போன அணியில் முதல் டெஸ்ட் ஆட இறங்கினார் ராமசாமி. முதல் இன்னிங்ஸில் 40, இரண்டாவதில் 60. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. ஆக 170 ரன், சராசரி 56.66. அத்தோடு சரி, மூன்றாவது டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்த ஸ்கோரையெல்லாம் பிரெஞ்சிந்தியாவில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? மான்செஸ்டர் ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஜூலை 30-ல், புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். இந்தப் பக்கத்து மனசு அந்த ரத்தத்தில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி காரைக்காலைவிட்டு நீங்க 1954 ஆயிற்று. புதுச்சேரி அணி ரஞ்சி கோப்பைக்குள் நுழைந்தது 2018-ல்தான்.

ராமசாமி ஆட்டத்தை விட்டாலும் ஆட்டம் அவரை விடவில்லை. 1953-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். தன் வரலாற்றை எழுதி வைத்தார். வயது எண்பதைத் தாண்டியது.

1985 அக்டோபர் 15. சென்னையில் தன் வீட்டைவிட்டு வெளியே கிளம்பினார் 89 வயதுப் பெரியவர்.

பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கிரிக்கெட்காரர்களின் பிறப்பு, இறப்பைத் துல்லியமாகக் குறித்துவைக்கும் ஆண்டு மலர் விஸ்டன். ராமசாமியின் மறைவுத் தேதியை எழுதவேண்டிய இடத்தில் அது என்ன எழுதியது?

(அடுத்த வாரம்)