சனத்தொகை குறைந்தபோது கூடிய தாகம்: இரணைமடு நீரும் மக்கள்பெருக்க வாதமும்

1927 அளவில் 200 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை, 2022 நவம்பர் 15ஆம் திகதி 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. நூறு வருடத்துக்குள் நான்கு மடங்கு. இந்தப் பெருக்கத்தைப் பேசத் தொடங்கியதுமே நீர்ப் பஞ்சமும் காணிப் பஞ்சமும் உடன் வந்துவிடுகின்றன. 1798இல் மல்தூஸ் எழுதியதும், 1968இல் போல் ஏர்லிச் பெரும் பட்டினிச் சாவுகள் வருமென எச்சரித்ததும் ஒரே அடிப்படையில்தான்: ஆட்கள் கூடினால் வளம் போதாது. இந்த வாதத்தை உரசிப் பார்க்க வன்னியின் இரணைமடுக் குளம் நல்ல களம். ஏனெனில் அந்தக் குளத்து நீருக்கான மிகப் பெரிய பிணக்கு, நீர் கேட்ட மாவட்டத்தின் சனத்தொகை குறைந்திருந்த காலத்தில் எழுந்தது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. அன்றைய வன்னி, ஆள் குறைந்த காடு. அங்கு பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டில், பாழடைந்த குளங்களும் காய்ச்சலும் குடிகள் அருகிய ஊர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ நிலை வேறு. சிறு தோட்டக் காணிகளைப் பிள்ளைகள் பங்கிட்டுப் பங்கிட்டுத் துண்டுகளாக்கியிருந்தார்கள். படித்தவர்களுக்கு வேலை இல்லை. அந்த நெரிசலைத் தணிக்கவே 1936இல் இரணைமடுவின் கீழ் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. நீர் இருந்த இடத்துக்கு மக்கள் அனுப்பப்பட்டார்கள்.

பத்து வருடம் கழித்துத் தீவு முழுவதும் சனத்தொகை பாய்ந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20ஐத் தாண்டியிருந்த இறப்பு வீதம், அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. வீடு வீடாக டி.டி.ரி. தெளித்து மலேரியாவை ஒடுக்கியதன் விளைவு இதுவென்பது அக்கால உலகின் பரவலான முடிவு. பீற்றர் நியூமன் அதற்குப் பொருளியல் கணக்குகளோடு வலுச் சேர்த்தார்; ஹரால்ட் பிரெடெரிக்சன் மறுத்தார். மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு சரிந்ததே, அதற்கு உணவும் மருத்துவமும் காரணம் அல்லவா என்பது அவர் கேள்வி. வன்னியின் அனுபவம் இருவரையும் ஓரளவு ஏற்கிறது. காய்ச்சல் ஒடுங்காமல் காட்டோரத்தில் குடும்பங்கள் நிலைத்திருக்க முடியாது. ஆனால் குளம், வாய்க்கால், காணி அனுமதிப்பத்திரம், ஆஸ்பத்திரி ஆகியவை இல்லாமல் மருந்துத் தெளிப்பு மட்டும் உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற குடியேற்றங்களை உருவாக்கியிருக்காது. 1946இல் 66 இலட்சமாக இருந்த இலங்கைச் சனத்தொகை 1981இல் 148 இலட்சமானது. குழந்தைகள் சாகாமல் வளர்ந்ததால் வந்த பெருக்கம் அது. அதைப் பேரழிவு என்று பெயரிட்டவர்கள், எந்தச் சாவுகள் நின்றதால் அந்த எண் கூடியது என்பதை மறந்தே எழுதினார்கள்.

இனி முக்கிய இடத்துக்கு வரலாம். 1981 கணக்கெடுப்பில், கிளிநொச்சியை நீக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 739,000 பேர் இருந்தார்கள். போரினால் 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் வடக்கின் பெரும்பகுதி விடுபட்டது. 2012இல் எண்ணியபோது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 584,000 பேர். சாவும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கழித்துவிட்டன. அதே காலத்தில்தான் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணம் கொண்டுசெல்லும் திட்டம் வந்தது. 1936இல் நீரை நோக்கி மக்கள் போனார்கள்; இப்போது மக்களை நோக்கி நீர் போக வேண்டும் என்றார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வறட்சிக்காலச் சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது குடாநாட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்ற அவர்களது கேள்வி நியாயமானது.

ஆட்கள் குறைந்தும் யாழ்ப்பாணத்தின் தாகம் ஏன் கூடியது? விடை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் மழையால் ஊறுவது. இறைப்பு இயந்திரம் வந்தபின் அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடலோரக் கிணறுகள் உவராகின. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைக் கிணற்றில் சேர்த்தன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இவற்றில் எதையும் பிறப்பு வீதத்தின் தலையில் கட்ட முடியாது.

குளத்தடியிலும் இதே பாடம் உண்டு, இன்னும் கசப்பாக. இரணைமடுவின் கீழ் மழைக்காலக் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்தின் இருப்பைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானித்துப் பங்கு பிரிக்கிறது. வயற்காணி உள்ளவருக்கே அந்தப் பங்கு. 1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்து பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளில் தங்கியோரில் பெரும்பாலோருக்கு அத்தகைய காணி கிடைக்கவில்லை. பிறர் வயலில் கூலிக்கு நின்று குளத்து நெல்லை விளைவித்த குடும்பங்கள் அவை.

மக்கள்பெருக்கத்தின் அழுத்தம் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரக் காணியைக் கண்டபடி துண்டாட விடாமல், பின்னுரித்தாளி ஒருவரை நியமிக்கச் சொன்னது. வயல் ஒருவரிடம் போக, மற்றப் பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். அங்கே பெருக்கம் உண்மையாகவே நெருக்கியது.

ஆனால் எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். 2012க்கும் 2024க்கும் இடையே நாட்டின் ஆண்டுச் சனத்தொகை வளர்ச்சி 0.5 வீதம். முல்லைத்தீவில் 2.23 வீதம், நாட்டிலேயே அதிகம். வவுனியாவில் 0.01 வீதம், நாட்டிலேயே குறைவு. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களின் தாய்மார் இவ்வளவு வேறுபட்டுப் பிள்ளை பெறுவதில்லை. 2012 மார்ச்சில் எண்ணியபோது போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த வவுனியாவின் மெனிக்பாம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில்தான் மூடினார்கள். இந்த வித்தியாசத்தில் இடப்பெயர்வின், மீள்குடியேற்றத்தின் கை இருக்கிறது. நாட்டில் பிறப்புகளோ 2013இல் 365,000 அளவில் இருந்து 2023இல் 250,000க்குக் கீழே வந்துவிட்டன. உலகிலும் 1960களில் 2 வீதத்தைத் தாண்டிய வளர்ச்சி இன்று 1 வீதத்துக்கும் குறைவு. 2080களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சம் தொடும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் 2024 மதிப்பீடு.

இரணைமடுப் பிணக்குக்கு ஒரு முடிவு வந்தது. குளம் புனரமைக்கப்பட்டு, நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கென, இரணைமடு நீருக்குப் பதிலாக, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தாளையடியில் 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டது. குடாநாட்டின் கிணறுகள் மாசடைவது அதனால் நிற்கவில்லை. காணியற்ற குடும்பங்களுக்குக் குளத்து நீரில் பங்கும் கிடைக்கவில்லை. வடக்கின் அடுத்த நீர்த் திட்டத்தை வரைவோர் சனத்தொகை எதிர்வுகூறலோடு மேசைக்கு வருவார்கள். அந்த மேசையில் கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவுகளையும், குளத்தின் கீழ் காணி உள்ளோர், இல்லாதோர் பட்டியலையும் சேர்த்து வைக்கும்படி விவசாய அமைப்புகளும் ஆய்வாளரும் கேட்க வேண்டும்.