பொலநறுவையிற் பெயரில்லாதோர்

பொலநறுவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு வழிதேடும் சிரமம் இல்லை. பேருந்து நிற்கும் இடங்களே அங்கு வரலாறாகிவிட்டன. அரண்மனை, தலதா மளுவை, றண்கொத் விகாரை, இலங்காதிலகம், இறுதியிற் கல்விகாரை. ஏறத்தாழ 46 அடி நீளத்திற் பள்ளிகொண்ட புத்தர்முன் எவரும் மௌனமாவர், நாமும் ஆனோம். "இதனைச் செதுக்கியவர் யார்?" என்று மாணவன் ஒருவன் வினவ, வழிகாட்டி தயங்காது "பராக்கிரமபாகு" என்றார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. உளி பிடித்தவனைக் கேட்டால் ஆணையிட்டவன் பெயரைச் சொல்வது நம் பாடநூல்களின் வழக்கமுந்தானே!

1153 முதல் 1186 வரை ஆண்ட அம்மன்னனின் பெருமை பொய்யன்று. பழைய தோபாவைக் குளத்தையும் உள்ளடக்கிப் பெருக்கப்பட்ட பராக்கிரம சமுத்திரத்தின் அணை ஏறத்தாழ 8½ மைல் நீளமானது. அம்பன் கங்கையின் நீர் கால்வாய்வழி வந்து அதனை நிரப்புகின்றது. அவ்வணைமீது நடந்து செல்பவர், அத்தனை மண்ணையும் சுமந்த தலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலம் பெற்றவன் அதற்கீடாக அரசனுக்கு உழைக்கக் கடமைப்பட்டிருந்த இராசகாரிய முறை, 1832இன் ஆணையால் நீக்கப்படும்வரை இந்நாட்டு உழவனின் முதுகில் இருந்தது. நிலத்தை நனைத்த குளத்தையும், அதனைக் கட்டியவனின் முதுகையும் ஒருங்கே காண்பதுதான் வரலாற்று நோக்கு.

இவ்வாறு நாம் கூறுவது இன்றைய கொள்கையைப் பழங்காலத்தின்மீது ஏற்றுவதாகும் எனச் சிலர் கருதலாம். ஆயின், பராக்கிரமபாகு விதித்த மிகையான வரிகளால் மக்கள் வறுமையுற்றனர் என்று சொல்பவன் அவனுக்குப் பின் 1187இல் அரசேறிய நிசங்கமல்லனே. ஐந்தாண்டு வரியைத் தான் தள்ளுபடி செய்ததாகவும் அவனுடைய கல்வெட்டுகள் பறைசாற்றுகின்றன. தற்புகழ்ச்சியில் அவனுக்கு நிகர் அவனே என்பதால் தள்ளுபடியை ஐயுறலாம், வரியை ஐயுறுவதற்கில்லை. அவன் புகழ்பாடும் கல்பொத்த என்னும் 26 அடிப் பாறை, மிகிந்தலையிலிருந்து நாற்பது மைலுக்கும் மேலாகக் கொண்டுவரப்பட்டது என அதுவே கூறுகின்றது. கொண்டுவரச் செய்த அமைச்சனுக்கு அதிற் பெயருண்டு. இழுத்து வந்தவர்களுக்கு இல்லை.

நம்மவரின் பெருமையும் இவ்வகையினதே. வானவன்மாதேவி ஈசுவரத்தின் கருங்கற் சுவரைக் கண்டதும் எம் மாணவர் சிலர் நிமிர்ந்து நின்றனர். பொலநறுவையைச் சனநாதமங்கலம் என்றழைத்த சோழர் ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டதையும், நாட்டின் செல்வங்களைக் கவர்ந்து சென்றதையும் அவ்விடத்திலேயே கூறினோம். 1070இல் அவர்களை வெளியேற்றியவன் முதலாம் விசயபாகு.

அவ்விசயபாகுவிடம் ஊதியம் பெற்ற படையினரே வேளைக்காரர். சோழநாட்டின்மீது படையெடுக்க அவன் ஆணையிட்டபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்தனர். கலகம் கொடுமையாக அடக்கப்பட்டது. அவனது மறைவுக்குப்பின், அவன் எடுப்பித்த தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று அதே வேளைக்காரர் உறுதிபூண்டு கல்லிற் பொறித்தனர். கல்வெட்டின் மொழி தமிழ். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் பிரிவுகள் அதிற் பேசப்படுகின்றன. பௌத்தக் கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தம் பெயரையே அவர்கள் சூட்டினர். கூலிக்கு நின்றவர்கள் தம் பெயரை விட்டுச்சென்ற அருமையான கல் அது.

தலதா மளுவையில் அட்டதாகையின் அருகே அக்கல் நிற்கின்றது. காலையில் எமது வழிகாட்டி அதனைக் கடந்து சென்றுவிட்டார். திரும்பும்போது மீண்டும் இறங்கினோம். மாணவர் எழுத்துக்கூட்ட முயன்றுகொண்டிருக்கையில், தென்பகுதிப் பாடசாலையொன்றின் சிங்கள ஆசிரியர் ஒருவர் தம் மாணவருடன் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று வினவினார். எமக்குத் தெரிந்த சிங்களத்திற் கூறினோம். இருமுறை கேட்டுத் தெளிந்தபின், தம் மாணவரை அமரச் செய்து பிரிவுகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். 'பிள்ளைகள்தனம்' என்பதை அவர்கள் சிங்கள எழுத்தில் எழுத இடர்ப்பட, எம் மாணவி ஒருத்தி அருகமர்ந்து மெல்ல மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். பேருந்துச் சாரதி இருமுறை ஒலியெழுப்பினார். நாம் சற்றுப் பொறுக்கும்படி கையசைத்தோம்.