பழைய டிரக், சிவப்பு எண்ணெய், ஒரு திமிங்கலம்

சித்தப்பா மகன் டெக்ஸஸில் இருக்கிறான். புல்வெட்டும் இயந்திரங்களை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிற தொழில். அதற்காகப் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கினான். மீட்டரில் 1,60,000 மைல், அதாவது இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் ஆயிலை முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பதற்கு எந்தச் சீட்டும் இல்லை.

ஒரு மெக்கானிக், "இத்தனை மைலுக்கு அப்புறம் அதைத் தொடாதே, புது ஆயில் ஊத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்றாராம். இன்னொருவர், "உடனே மாத்து, இல்லேன்னா போயிடும்" என்றாராம். தம்பி எனக்கு போன் போட்டான். "அண்ணே, நீங்கதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, இதுல யாரு சொல்றது சரி?" கியர்பாக்ஸ் போனால் ஆகும் செலவு, டிரக் வாங்கிய விலையை நெருங்கிவிடும். அதுவரை தொழிலும் நிற்கும்.

நான் மெக்கானிக் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது. போய்ப் பார்த்ததில் நடுவழியில் ஒரு திமிங்கலம் வந்து நின்றது.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'ஹைட்ராமேட்டிக்' கியர்பாக்ஸை 1939-ல் அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தியது. கிளட்ச் மிதி கிடையாது, நான்கு கியரும் தானாகவே விழும். பெருவாரியாகத் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளிலும் இதுவே ஓடியது.

இதற்குள் ஓடுகிற எண்ணெயின் பாடுதான் சுவாரசியம். நம்மூர் பஸ்ஸில் இருப்பது உலர் கிளட்ச். அந்த பிளேட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும், வண்டி இழுக்காது. ஆட்டோமேட்டிக்கிலோ கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டேதான் வேலை செய்கின்றன. ஆக, அதே எண்ணெய் பேரிங்குகளுக்கு வழுக்க வேண்டும், பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் விட வேண்டும். சூட்டைக் கடத்த வேண்டும், வால்வுகளுக்கு அழுத்தமும் கொடுக்க வேண்டும்.

பிளேட்டுகள் பிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுழல்கிற இரண்டு பிளேட்டுகள் நெருங்கி, வேகம் ஒன்றாகிற கடைசி நொடியில் உராய்வு சட்டென்று ஏறினால் வண்டி குலுங்கும். அந்தக் கடைசிப் பிடியை மென்மையாக்க, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் எண்ணெயில் வேண்டும். சூட்டில் எளிதில் கெட்டுப்போகவும் கூடாது. அன்றைய வேதியியலாளர்களுக்கு அது கிடைத்த இடம் ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் பெரிய தலைக்குள் இருக்கும் எண்ணெய் சாதாரணக் கொழுப்பு அல்ல, திரவ மெழுகு. இந்த வேலைக்கென்றே செய்தது போல் பொருந்தியது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் 'டைப் ஏ' என்று ஒரு பொதுத் தரம் வகுத்தது. 1957-ல் அதைத் திருத்தியது. 1967-ல் 'டெக்ஸ்ரான்' என்ற பெயர் வந்தது. அந்த முதல் டெக்ஸ்ரானிலும் திமிங்கல எண்ணெய் இருந்தது. மண்ணெண்ணெய் வந்ததும் விளக்குக்காகத் திமிங்கல வேட்டையாடுவது போச்சு என்றுதான் நாம் படித்திருக்கிறோம். நிலவுக்கு மனிதன் போன காலத்திலும் அமெரிக்கக் கார்கள் அந்த எண்ணெயில்தான் கியர் மாற்றிக்கொண்டிருந்தன!

1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதிக்கு வழி அடைபட்டது. 1973-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. மாற்றுப் பொருளோடு 'டெக்ஸ்ரான் 2' வந்தது. அதன் முதல் வடிவம், எண்ணெயை ஆற்றும் கூலரின் பற்றவைப்புகளை அரித்தது. மறுபடி திருத்தினார்கள். சோனோரா பாலைவனத்துச் செடியான ஹொஹோபாவின் விதையிலும் இதே மாதிரி திரவ மெழுகு இருக்கிறது என்று அந்தப் பக்கமும் ஆராய்ச்சி திரும்பியது.

இதே காலத்தில் ஃபோர்டு வேறு வழியில் போனது. அதன் 'டைப் எஃப்' எண்ணெயில் மென்மையாக்கும் பொருளே கிடையாது, பிளேட்டுகள் கப்பென்று பிடிக்கும். இரண்டும் பார்க்க ஒரே சிவப்பு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு எனக்கு ஒரு பிடி கிடைத்தது. இந்த எண்ணெய் வெறும் எண்ணெய் இல்லை, கியர்பாக்ஸின் ஒரு பாகம். ஒரு பொருள் மாறினால் இயந்திரமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். "தொடாதே" என்கிற மெக்கானிக்கின் பயம் மூடநம்பிக்கை இல்லை. பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தால், வழவழப்பூட்டும் பொருள் புதிதாக நிறைந்த எண்ணெய் அந்த வழுக்கலைக் கூட்டக்கூடும். தேய்ந்த பிளேட்டை எந்த எண்ணெயும் திருப்பித் தராது.

ஆனால் பாதி உண்மை அங்கே முடிகிறது. நம் ஆட்கள் எப்போது எண்ணெய் மாற்ற ஓடுகிறார்கள்? கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு. அடுத்த மாதம் கியர்பாக்ஸ் போனதும் பழி புது எண்ணெய் மேல் விழுகிறது. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் போய்ச் சேர்ந்தார் என்பது மாதிரி.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2000-களின் தொடக்கத்து ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் கையேடுகளில், கடும் உபயோகம் என்றால் 50,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. எது கடும் உபயோகம்? வெயில் ஊரின் நெரிசல், மலைப்பாதை, அடிக்கடி ட்ரெய்லர் இழுப்பது. டெக்ஸஸில் ட்ரெய்லர் இழுக்கிறவனுக்கு இதில் இரண்டு பொருந்துகிறது. டிரக் என்று ஒன்றை வேறு எதற்குத்தான் வாங்குவார்கள்?

தம்பியிடம் சொன்னது இதுதான். முதலில் வண்டி வழுக்குகிறதா பார். டிப்ஸ்டிக்கைத் துடைத்து முகர்ந்து பார். கருகல் வாடையும் வழுக்கலும் சேர்ந்தே இருந்தால் எண்ணெய்க்குச் செலவழிக்காதே, கியர்பாக்ஸுக்குக் காசு சேர். இளஞ்சிவப்பில் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியே ஓட்டாதே. நிறம் மட்டும் கறுத்து, கியர் ஒழுங்காக விழுந்தால் மாற்று. கையேட்டில் சொன்ன அதே தரத்து எண்ணெயை ஊற்று. மெஷின் வைத்து மொத்தமாகத் தள்ளாமல், கீழே பேனைக் கழற்றி வடிவதை மட்டும் மாற்று. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அப்படியே தங்கிவிடும், பாதிகூட மாறாது. பழைய வண்டிக்கு அந்த நிதானம் நல்லது. சில ஆயிரம் மைல் கழித்து இன்னொரு முறை செய்துகொள்ளலாம்.

பேனைக் கழற்றியதும் போட்டோ அனுப்பினான். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிவு. அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் இல்லை. ஃபில்டரையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினான். டிரக் இன்றைக்கும் ட்ரெய்லர் இழுக்கிறது. எண்ணெய் மாற்றியதால்தான் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு வண்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, "தொடாதே" என்பதையும்தான்.

திமிங்கலக் கதையையும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்போ இந்தக் கேன்ல இருக்கிறது?" என்றான். அதில் திமிங்கலம் இல்லையடா, பயப்படாதே என்றேன்.