மூடிய புட்டியும் முப்பது வருடமும்

1976ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பாரிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஒன்பது பிரெஞ்சுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயினுக்கு மார்க் போட்டார்கள். பெரிய உணவகங்களை நடத்தியவர்கள், ஒயின் பத்திரிகை ஆசிரியர், புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத்தின் பங்குதாரர் என்று எல்லோருமே அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் 20 மார்க். புட்டியின் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நான் மது தொடாதவன். இதைப் படிக்கும் நண்பர்கள் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் இந்தக் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். இது குடியைப் பற்றிய கதை அல்ல, மார்க் போடுவதைப் பற்றிய கதை.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் போர்தோ பகுதி சிவப்பு ஒயினுக்குப் பெயர் போனது. 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் ஒரு பெரும் பொருட்காட்சி நடத்தினார். அதற்காக போர்தோ ஒயின் தரகர்கள் அங்குள்ள தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். எந்தத் தோட்டத்து ஒயின் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதே அளவுகோல். அந்தப் பட்டியல் அப்படியே உறைந்துவிட்டது. முதல் வகுப்பில் லஃபீத், மார்கோ, லத்தூர், ஓ பிரியோன் என்று நான்கு பெயர்கள். இரண்டாம் வகுப்பில் இருந்த மூத்தோன் முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை, அதாவது 118 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றபடி முதல் வகுப்பில் இன்றுவரை மாற்றம் இல்லை.

பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயரும், அவருடன் வேலை பார்த்த பட்ரிசியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்மணியும் 1976இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்கா சுதந்திரம் அடைந்து 200 ஆண்டு நிறைந்த வருடம் அது. கலிபோர்னியாவில் நல்ல ஒயின் வருகிறது, பிரெஞ்சு நிபுணர்களுக்கு அதைக் காட்டலாம் என்பதுதான் யோசனை. பிரெஞ்சு ஒயின்களையும் சேர்த்து, எல்லாவற்றின் பெயரையும் மறைத்துக் கொடுத்தார்கள். சிவப்பில் மொத்தம் பத்து: நான்கு போர்தோ, ஆறு கலிபோர்னியா. போர்தோ நான்கில் மூத்தோனும் ஓ பிரியோனும் உண்டு.

பெயரை மறைப்பதன் அருமை ஆசிரியர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். மாணவனின் பெயரும் பதிவெண்ணும் நீக்கி, டம்மி நம்பர் போட்ட தாள்தான் எங்கள் கைக்கு வரும். பள்ளியில் திருத்தும்போது அப்படி இல்லை. முதல் பெஞ்சுப் பையன் தாள் என்று தெரிந்தால், எழுதாத வரியைக்கூட அவன் எழுத நினைத்ததாக எடுத்துக்கொள்ளும் மனசு. கடைசி பெஞ்சுக்காரன் சரியாக எழுதினாலும் பக்கத்துத் தாளை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். இது கெட்ட எண்ணத்தால் வருவது இல்லை. பெயர் கண்ணில் பட்டதுமே கை பாதி மார்க்கைப் போட்டுவிடுகிறது.

பாரிஸில் முடிவு வந்தபோது சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மூத்தோன் 1970 இரண்டாவது. வித்தியாசம் மிகச் சிறியது. வெள்ளை ஒயினிலும் கலிபோர்னியாவின் மான்டலினாதான் முதல். நடுவர்களில் ஒரு அம்மையார் தன் மார்க் தாளைத் திருப்பிக் கேட்டார் என்று ஸ்பரியர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கே வந்திருந்த ஒரே நிருபர் டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதியதால்தான் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது.

பிரெஞ்சுத் தரப்பு சொன்ன பதிலைத் தள்ளிவிட முடியாது. “எங்கள் ஒயின் இன்னும் பிஞ்சு. கலிபோர்னியா ஒயின் இளமையில் கவரும், நாளாக ஆக வாடிவிடும். போர்தோ மெதுவாகத்தான் பழுக்கும். இருபது, முப்பது வருடம் கழித்துப் பாருங்கள்” என்பது அதன் சாரம்.

பழுப்பது என்றால் என்ன? நம் நாக்குக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அறுசுவையில் துவர்ப்பையும் ஒன்றாக வைத்தவர்கள் நாம். பாக்கு, வாழைப்பூ, பிஞ்சு மாதுளை வாயை இழுத்துப் பிடிப்பது போலத்தான் இளம் சிவப்பு ஒயினும் பிடிக்கும். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும், ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலும் இருந்து வரும் துவர்ப்பு அது. வருடக்கணக்கில் படுக்கவைத்த புட்டிக்குள் இந்தத் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக அடியில் தங்கும். அதனால் பழைய ஒயினை ஊற்றும்போது புட்டிக் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை வைத்து, வண்டல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்லச் சாய்ப்பார்கள்.

ருசிப்பவர் முதலில் கண்ணால்தான் பார்ப்பார். கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால், இளம் ஒயினின் ஓரம் நாவல்பழ நிறம். வயதானதின் ஓரம் செங்கல் நிறம். பிறகு மோந்து பார்ப்பார். இளமையில் பழ வாசனை தூக்கலாக இருக்கும். வயதாக ஆகப் பழம் பின்வாங்கி, தோல், புகையிலைப் பெட்டி, மழையில் நனைந்த சருகு, காளான், அப்போது சீவிய பென்சில் என்றெல்லாம் எழுதுவார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பென்சில் சீவலின் மணம் எந்த ஆசிரியருக்கும் மறக்காது. “உன்னதம்”, “கம்பீரம்” என்று எழுதினால் அடுத்தவருக்கு என்ன புரியும்? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற அம்மையார் 1984இல் ஒயின் வாசனைச் சொற்களை ஒரு சக்கரமாக வரைந்து கொடுத்ததும் இதற்காகத்தான். நாலு பேரும் மோந்து ஒப்பிடக்கூடிய பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், புகழ்ச்சி உதவாது.

இனி வழக்குக்கு வருவோம். பத்து வருடம் கழித்து, 1986இல், நியூயார்க்கில் ஒரு சமையற்கலைப் பள்ளியில் அதே சிவப்பு ஒயின்களில் ஒன்பதை மறுபடி மறைத்து வைத்தார்கள். முதலிடம் கலிபோர்னியாவின் க்ளோ து வால் 1972. “பத்து வருடம் போதாது” என்று அப்போதும் வாதிட இடம் இருந்தது.

2006 மே 24. சரியாக முப்பது வருடம். லண்டனில் ஒரு குழு, கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒரு குழு. ஒரே நாளில் அதே பத்துச் சிவப்பு ஒயின்கள். இரண்டு குழுக்களின் மார்க்கையும் கூட்டியபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயிற்று. முதலில் வந்தது ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. 1976இல் ஐந்தாவதாக வந்த அதே ஒயின். மூத்தோனுக்கு ஆறாவது இடம்.

வாடிவிடும் என்று சொல்லப்பட்டது வாடவில்லை. அன்று அரை மார்க், ஒரு மார்க்கில் பின்தங்கியதை வைத்து யாரையும் தாழ்த்திப் பேசவும் முடியாது. பத்துப் புட்டிகள் ஒரு நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை. முப்பது வருடப் புட்டி ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். தக்கை எப்படி, வைத்த அறையின் சூடு எப்படி என்பதைப் பொறுத்து ஒரே வருடத்து இரண்டு புட்டிகள்கூட வேறு வேறாக ருசிக்கும். போர்தோ இன்றும் நல்ல ஒயின்தான். ஆனால் “காலம் எங்கள் பக்கம்” என்ற வாதத்துக்குக் காலமே வந்து சாட்சி சொல்லிவிட்டது.

ஸ்பரியர் 2021இல் காலமானார். 1973 ஸ்டாக்ஸ் லீப், மான்டலினா இரண்டிலும் ஒவ்வொரு புட்டி வாஷிங்டன் நகரத்தில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் வீட்டில் இதைச் செய்துபார்க்க ஒயின் தேவையில்லை. நாற்பது வருடமாக “இந்தக் கடைக் காபித்தூள்தான், வேறு வாயில் வைக்க முடியாது” என்று சொல்லிவருபவர்கள் நம்மில் எத்தனை பேர்! மூன்று கடைத் தூள் வாங்கி, ஒரே பாலில், ஒரே அளவில் கலந்து, எது எது என்று சொல்லாமல் மூன்று டம்ளரில் கொடுக்கச் சொல்லுங்கள். வந்த முடிவை மறைக்காமல் இங்கே எழுதுங்கள்.