மணல் சட்டி பிஸ்கட்

கடம்பத்தூரில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி ஏரிப்பக்கமிருந்து இறங்கும்போது துணி காயாது, விறகு புகையும், யாருக்கும் யாரோடும் பேசப் பிடிக்காது. ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா இருட்டில் ரயிலேறி இருட்டில்தான் திரும்புவார். எழுபதுகளில், அப்படி வீடே சுருண்டு கிடக்கும் வாரத்தில்தான் அம்மா மைதா டப்பாவை இறக்குவாள்.

ஓவனா? அதெல்லாம் கிடையாது. பழைய அலுமினியக் குண்டானில் சலித்த ஆற்று மணல், அதன்மேல் ஒரு பிரிமணை, பிரிமணைமேல் தட்டு. மூடியின்மேல் நாலு கரித்துண்டு நெருப்பு. டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் தாம்பாளத்தில் போட்டு உள்ளங்கையால் தேய்ப்பாள். திப்பிதிப்பியாக இருந்தது கை வலிக்க வலிக்க வெளுத்து உப்பும். பிறகு மைதா, ஏலக்காய், சிட்டிகை ஆப்பசோடா. தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆகாது. விட்டால் பல்லைப் பதம் பார்க்கும். வெந்ததும் தொட்டால் மெத்தென்று இருக்கும். "ஆறட்டும்டி, இப்போ எடுத்தா உதிர்ந்துடும்" என்பாள். அந்தக் காத்திருப்பில்தான் வீட்டில் பேச்சு கிளம்பும்.

அம்மா செய்த இந்த மாதிரி பிஸ்கட்டை வடக்கே நான்கட்டாய் என்பார்கள். சூரத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன அடுப்பை ஏற்று நடத்திய தோட்டிவாலா குடும்பத்தின் பெயர் அதன் கதையில் வரும். தெற்கே, பர்மாவில் தொழில் கற்றுவந்த மம்பள்ளி பாப்பு 1880-இல் தலச்சேரியில் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். பேக்கரி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஊரையும் தவறாமல் சொல்வார்கள். அடுப்படிப் பக்கம் வர மாட்டார்கள்.

அரிசிச் சோறு தின்னும் வீட்டுக்குள் மைதா வந்தது பஞ்ச காலத்தோடு சேர்ந்த கதை. 1956-இல் பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தம் கையெழுத்தாகி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. 1965, 66 வறட்சியில் அது இன்னும் பெருகியது. அரிசிக்குத் திண்டாடிய வீடுகள் கோதுமைக்கும் மைதாவுக்கும் பழகின. நெய் வாங்க முடியாதவர்களுக்கு 1937-லேயே டால்டா வந்துவிட்டது. ஆக, சரக்கு இரண்டும் வெளியிலிருந்து வந்தவை.

மணல் அப்படியல்ல. பொரியும் வேர்க்கடலையும் காலங்காலமாக நம் ஊரில் சுடுமணலில்தான் வறுபடுகின்றன. மணல் மெல்லச் சூடேறும், ஏறிய சூட்டைச் சட்டென விடாது. அடுப்புத் தீ ஏறி இறங்கினாலும் தட்டுக்குத் தெரியாது. பொரி வறுக்கும் ஆயா மணலைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பதத்தைத்தான் அம்மா பிஸ்கட்டுக்கு எடுத்துக்கொண்டாள். வெள்ளைக்காரன் அடுப்பைப் பார்த்து யாரும் இதைக் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கண்ணாடி மூடி போட்ட வட்ட எலெக்ட்ரிக் ஓவன் வந்தது. கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுக் குக்கரில் மணலோ உப்போ கொட்டிச் சுடும் வழியும் பரவியது. என் மருமகள் ஓவன் வைத்திருக்கிறாள், டிகிரி பார்த்துச் சுடுகிறாள், நன்றாகவே வருகிறது. கேழ்வரகு மாவும் நாட்டுச்சர்க்கரையும்தான் போடுவாள்; மைதாவைத் தொட மாட்டாள். டால்டா என்றால் முறைக்கிறாள்.