பொதியிலும் திண்ணையும்

ஊர்ப்பொதியிலில் நரைத்த முதியோர் கூடிச் சூதாடிய வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்கு, மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டே சாட்சி. அவர்கள் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன இடத்தில், ஊர் பாழான பின் காட்டுக்கோழி முட்டையிட்டது என்கிறார் புலவர். முதியோரின் சகவாசத்துக்கு இதைவிட நுட்பமான சரித்திரச் சான்றை நான் கண்டதில்லை. உத்தரமேரூர்ச் சபையோ, 919ஆம் ஆண்டுச் சாசனத்தில் வாரிய உறுப்பினருக்கு 60 வயதை மேல்வரம்பாக வைத்து, இரண்டே ஆண்டுகளில் அதை 70 ஆக்கியது. அனுபவத்தின் அருமை அதற்குள் விளங்கிவிட்டது போலும்! பின்னாளில் பொதியிலின் ஸ்தானத்தைத் தெருத்திண்ணை பிடித்துக்கொண்டது: பல் போனவர் சிற்றுரலில் வெற்றிலை இடிக்கும் ஓசை கேட்டாலே, எதிர்வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இப்போது கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை, மதிற்சுவர்தான் இருக்கிறது.