இரண்டு கேள்விக்குறிகள்



கடந்த தவணைப் பரீட்சையில் நாம் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறோம். வினாத்தாள் போட்டோகொப்பிக்குப் போகும் நேரத்தில், நான்காம் வினா பாடத்திட்டத்துக்கு வெளியே என்று நீக்கினோம். மீதி இலக்கங்களைக் கையால் மாற்றினோம். கடைசி வினாவில் இருந்த "7ஆம் வினாவின் அட்டவணையைப் பயன்படுத்துக" என்ற வரி மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை. அட்டவணையோ 6ஆம் வினாவுக்குப் போய்விட்டது. மண்டபத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள். கெட்டித்தனமான பிள்ளைகளே கூடுதலாகத் தடுமாறினார்கள், ஏனென்றால் அவர்கள்தான் சொன்னபடி 7ஐத் தேடிப் பார்த்தவர்கள்.

இந்தச் சிக்கலுக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே தீர்வு கண்டிருக்கிறார்கள். அந்த வரலாறு ஆசிரியர்களாகிய எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1977இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தன் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படிகளைப் பார்த்தார். ஈய அச்சில் வந்த முதற்பதிப்பின் அழகு அதில் இல்லை. மனம் பொறுக்காமல், தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் 'டெக்'. சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை பத்து வருடங்களுக்குக் கிட்ட இழுத்தது.

டெக் பக்கத்தை அழகாக்கியது. ஆனால் சாதாரணமாக எழுதுபவருக்கு அது கடினம். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன் மேல் 'லாடெக்'கைக் கட்டினார். 1986இல் அதற்கான கைநூல் வந்தது. அவருடைய கொள்கை இலேசானது: எழுதுபவர் விடயத்தைச் சொல்லட்டும், தோற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டியலில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே நாம் 1, 2, 3 என்று எழுதுவதில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் முன்னால் 'இது ஓர் உருப்படி' என்று மட்டும் குறிக்கிறோம். எண்ணுவது மென்பொருளின் வேலை. முதல் மட்டத்துக்கு 1, உள்ளே ஆங்கிலச் சிற்றெழுத்து, அதனுள் சிறிய ரோம இலக்கம், அதற்கும் உள்ளே ஆங்கிலப் பேரெழுத்து. நான்கு மட்டங்களுக்கு மேல் வழமையாக விடாது.

வினாவுக்கு நாம் ஒரு பெயரும் வைக்கலாம். பிறகு '7ஆம் வினா' என்று எழுதாமல் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். முதல் ஓட்டத்தில் மென்பொருள் பெயரையும் இலக்கத்தையும் ஒரு துணைக் கோப்பில் எழுதிவைக்கும். இரண்டாம் ஓட்டத்தில் அதை வாசித்து உரிய இடத்தில் போடும். இலக்கம் மாறியிருந்தால் 'மீண்டும் ஓட்டுங்கள்' என்று எச்சரிக்கும். அப்படியொரு பெயரே இல்லையென்றால் ஓர் இலக்கத்தை ஊகித்துப் போடாது, இரண்டு கேள்விக்குறிகளை அச்சிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த நேர்மை அன்று எமது வினாத்தாளில் இருக்கவில்லை.

ஆங்கில எழுத்துக்குப் பதிலாக (அ), (ஆ) வேண்டுமென்றால்? 2004இல் ஜொனத்தன் கியூ வெளியிட்ட 'சீடெக்' யூனிகோட் எழுத்துகளை நேரடியாக ஏற்றது. தமிழுக்கும் அரபுக்கும் வழி திறந்தது. ஹாவியர் பெசோஸின் 'எனுமைட்டம்' என்ற துணைப்பொதியில் பட்டியலின் அடையாளத்தை விரும்பியபடி மாற்றலாம்.

அரபியில் ஒரு நுணுக்கம் உண்டு. மக்தபில் பிள்ளைகள் அலிஃப், பா, தா என்று ஓதுகிறார்கள். ஆனால் எழுத்தால் இலக்கமிடும் பழைய அப்ஜத் முறையில் வரிசை அலிஃப், பா, ஜீம், தால். மூன்றாவது தா அல்ல, ஜீம். யா பத்து, காஃப் நூறு. எண்ணும் வேலையை மென்பொருளிடம் கொடுத்தாலும், எந்த வரிசையில் எண்ணுவது என்பதை நாம்தான் அறிந்து சொல்ல வேண்டும்.

எல்லா ஆசிரியரும் லாடெக் படிக்கத் தேவையில்லை. நாம் பாவிக்கும் வேர்டிலும் தானியங்கி இலக்கமும் குறுக்குக் குறிப்பும் இருக்கின்றன. அடுத்த தவணைக்கு அவற்றைப் பழகுவோம். எமது அவசரத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது.